செயற்கைப் பல்வேரும் அதனைச் சூழும் நோயும்

மொழி பயிற்றும் ஆசிரியர்க்குப் பல்லின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தகரமும் நகரமும் பிறக்க, நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த வேண்டும். வகரம் பிறக்க, மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் இவற்றை வகுத்துக் காட்டியுள்ளார். பல் போனால் சொல் போகும் என்று பொதுமக்கள் வழங்கும் பழமொழியும் இவ்வுண்மையையே சுட்டுகின்றது.

போன பல்லுக்கு ஈடு செய்யும் வழிகள் மூன்று. பல்செட் எனப் பலரும் கூறும், கழற்றி மாட்டும் பொய்ப்பல் வரிசை ஒன்று. இருபக்கத்துப் பற்களையும் பற்றுக்கோடாகக் கொண்டு இடையில் பல் அமைக்கும் பாலம் மற்றொன்று. தாடை எலும்பினுள் உலோகத்தாலான வேரைப் பதித்து, அதன்மேல் பல்லை அமைப்பது மூன்றாவது. இதனை டெண்டல் இம்ப்ளாண்ட் என்பர். தமிழில் பல் உள்வைப்பு என்று எழுதுவாரும் உளர். எலும்பில் பதிப்பது பல்லன்று, வேரே என்பது விளங்குதற்பொருட்டு இக்கட்டுரையில் அதனைச் செயற்கை வேர் என்றே குறிப்போம்.

செயற்கை வேரைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. உலோகம் சொத்தையாவதில்லை, ஆதலின் பதித்த பல்லுக்கு இனி நோயே இல்லை என்பது அவ்வெண்ணம். இதன் முற்பகுதி உண்மை, முடிவு பிழை. உலோகத்துக்கு நோய் இல்லை. ஆனால் அதனைச் சூழ்ந்த ஈறுக்கும், அதனைத் தாங்கும் எலும்புக்கும் நோய் உண்டு. அந்நோய் பெரும்பாலும் வலியின்றி வரும். தொடக்கத்தில் அதனை நீக்கிவிடலாம். முற்றிய பின்போ, இழந்த எலும்பை மீட்பது அரிது. ஆயிரக்கணக்கான வெள்ளி செலவிட்டுப் பல் பதித்துக் கொள்வோர் முதற்கண் அறிய வேண்டியது இதுவே.

செயற்கை வேர் தோன்றிய வரலாறு

ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வர் பிரானமார்க் என்பவர் 1952ஆம் ஆண்டில் லுண்ட் நகரில் எலும்பு மச்சையின் குருதியோட்டத்தை ஆராய்ந்து வந்தார். அதன்பொருட்டு டைட்டேனியம் என்னும் உலோகத்தாலான சிறு நோக்குக் கருவியை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்தபின் அதனை எடுக்க முயன்றபோது எடுக்க இயலவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. காற்றுப் பட்டவுடன் டைட்டேனியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகின்றது. உடல் அவ்வுலோகத்தைப் பகையாகக் கருதித் தள்ளாமைக்கு இப்படலமே காரணம்.

இக்கண்டுபிடிப்பைப் பல் மருத்துவத்துக்குப் பயன்படுத்த எண்ணிய பிரானமார்க், 1965ஆம் ஆண்டில் கொதன்பர்க் நகரில் கோஸ்தா லார்சன் என்பாரின் கீழ்த்தாடையில் டைட்டேனிய வேர்களைப் பதித்தார். லார்சன் 2006ஆம் ஆண்டில் காலமாகும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அவ்வேர்கள் பயன்பட்டு வந்தன. 1982ஆம் ஆண்டில் கனடாவின் டொரொன்டோ நகரில் கூடிய மாநாட்டின் வாயிலாக இம்முறை வட அமெரிக்காவில் பரவிற்று. பின்னர் உலகெங்கும் பரவிற்று. ஆகவே, செயற்கை வேர் நெடுங்காலம் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை. எந்நிலையில் நிலைக்கும் என்பதே வினா.

இயற்கை வேரும் செயற்கை வேரும்

இயற்கைப் பல்லின் வேர் எலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவில் நார்த்தசை ஒன்று உண்டு. அது மெல்லும்போது அதிர்ச்சியைத் தாங்கும், குருதியைக் கொண்டு வரும், அழுத்தத்தை உணர்த்தும். ஈற்றின் நார்களும் இயற்கை வேரின் மேற்பரப்பில் குறுக்காக ஊன்றி நிற்கின்றன. வேலியில் இறுகக் கட்டிய கயிறுகள் போல அவை ஈற்றைப் பல்லோடு பிணைக்கின்றன.

செயற்கை வேருக்கு இவ்வமைப்பு இல்லை. எலும்பு உலோகத்தை நேரே பற்றுகின்றது. ஈற்றின் நார்கள் உலோகத்தில் ஊன்றுவதில்லை. அதன் பக்கமாக நெடுகவும் சுற்றியும் செல்கின்றன. குருதி வரும் வழியும் குறைவு. ஆதலின் கிருமிகள் ஈற்றின் ஓரத்தைக் கடந்து உட்புகுமாயின், அவற்றைத் தடுக்கும் அரண் இங்கு வலுக் குறைந்தது.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. இயற்கைப் பல்லின் உள்ளே நரம்பு உண்டு. சொத்தை ஆழ்ந்தால் வலி எழுப்பும். சுற்றியுள்ள எலும்பு குறைந்தால் பல் ஆடும். செயற்கை வேரிலோ நரம்பு இல்லை. மேற்பகுதி எலும்பு கரைந்து போனாலும் அடிப்பகுதி எலும்பு இறுகப் பற்றியிருக்கும் வரை அது ஆடாது. அது ஆடத் தொடங்கும்போது பற்றுதற்கு எலும்பே எஞ்சியிராது. ஆகவே, பல் உறுதியாக நிற்கின்றது, வலியும் இல்லை என்பவை நோயின்மைக்குச் சான்றாகா.

நோயின் இரு நிலைகள்

இந்நோயை மருத்துவ அறிஞர் இரண்டு நிலைகளாகப் பகுப்பர். முதல் நிலையில் ஈறு மட்டும் அழற்சியுற்றுச் சிவந்து வீங்கும். மெல்லத் தொட்டாலும் குருதி கசியும். எலும்புக்குக் கேடில்லை. இதனைப் பெரி-இம்ப்ளாண்ட் மியூக்கோசைட்டிஸ் என்பர். நாம் ஈற்றழற்சி என்போம். இது நீக்கத்தக்கது.

இரண்டாம் நிலையில் அழற்சி கீழிறங்கி எலும்பை அடையும். எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். ஈற்றுக்கும் வேருக்கும் இடையே ஆழமான பை போன்ற இடைவெளி உண்டாகும். சிலர்க்குச் சீழும் வரும். இதனைப் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ் என்பர். நாம் எலும்பரிப்பு என்போம். இவ்வரிப்பு ஒரே வேகத்தில் செல்வதில்லை. நாளாக ஆக விரைவு கூடும்.

இது அரிதாக வரும் நோயன்று. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, செயற்கை வேர் பதித்துக் கொண்டோரில் சராசரியாக 100க்கு 43 பேரிடம் ஈற்றழற்சியும், 100க்கு 22 பேரிடம் எலும்பரிப்பும் காணப்பட்டன. தனித்தனி ஆய்வுகளின் எண்கள் பெரிதும் வேறுபடுகின்றன. எனினும் நோய் பரவலானது என்பது தெளிவு.

இவ்விரு நிலைகளும் வேரைப் பதித்துப் பல நாள் கழித்து வருவன. பதித்த சில நாட்களிலேயே வீக்கமோ, சீழோ, காய்ச்சலோ கண்டால் அது வேறு வகை. காலம் தாழ்த்தாமல், பதித்த மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

நோய்க்கு மூலம் யாது?

பல்லின் மேல் நாள்தோறும் படியும் வெண்ணிற அழுக்கே மூலம். அது வெறும் உணவுத் துணுக்கன்று. நுண்ணுயிர்கள் தமக்குள் பசை போன்ற பொருளைச் சுரந்து, அதனுள் ஒன்றாக வாழும் படலமாகும். ஹாலந்து நாட்டு ஆண்டனி வான் லீவன்ஹூக் தம் பல்லில் படிந்திருந்த அழுக்கைத் தாமே சுரண்டி எடுத்து, தாம் செய்த உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். அதில் உயிர்கள் அசைவதைக் கண்டு, 1683ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். வினிகர் என்னும் புளிக்காடியை அவ்வழுக்கில் செலுத்திய போது, வெளிப்புறத்து உயிர்கள் மட்டுமே மடிந்தன என்பதையும் அவர் கண்டறிந்தார். உட்புறத்து உயிர்களைக் காடி அடையவில்லை. வாய் கொப்பளிக்கும் மருந்தை மட்டும் நம்பியிருப்போர் இன்றும் நினைவில் கொள்ளத்தக்கது இது. படலத்தைத் தேய்த்து நீக்க வேண்டும். மருந்து ஊற்றி அழித்துவிட இயலாது.

படலமே அழற்சிக்குக் காரணம் என்பது மனிதரிடம் செய்த சோதனையால் நிலைநாட்டப்பட்டது. லார்சனின் தாடையில் வேர் பதிக்கப்பட்ட அதே 1965ஆம் ஆண்டில், டென்மார்க் நாட்டில் ஹரால்டு லோ என்பாரும் உடனாய்வாளரும், நலமான ஈறுடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழற்சியுற்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு நலமடைந்தது. இதே சோதனையைச் செயற்கை வேர் உடையாரிடம் 1994ஆம் ஆண்டில் செய்தபோதும், துலக்காத 3 வாரங்களில் அழற்சி தோன்றிற்று. 2012ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு சோதனை ஒரு வேற்றுமையைக் காட்டிற்று. துலக்கத் தொடங்கி 3 வாரங்கள் ஆகியும் செயற்கை வேரைச் சூழ்ந்த ஈறு பழைய நிலையை முற்றும் அடையவில்லை. நோய் வரும் காலம் ஒத்தது. நீங்கும் காலமோ நீண்டது.

எவர்க்கு இடர் மிகுதி?

ஈற்று நோயால் இயற்கைப் பற்களை இழந்தோர்க்கே இடர் மிகுதி. பல்லை வீழ்த்திய அதே நோய், வாயில் எஞ்சிய பற்களைச் சூழ்ந்து இன்னும் இருக்கக் கூடும். அதனை ஆற்றாமல் வேர் பதிப்பது, களை எடுக்காத பாத்தியில் நாற்று நடுவது போன்றதாகும். நன்கு துலக்காமையும், காலமுறையில் மருத்துவரிடம் செல்லாமையும் அடுத்த காரணங்கள். 2017ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய ஈற்று நோய் அறிஞர் கழகங்கள் சிகாகோ நகரில் கூடி ஆராய்ந்தபோது, வலுவான சான்றுடையவை என இம்மூன்றையுமே குறித்தன.

புகைபிடித்தலும் நீரிழிவும் பற்றிய சான்றுகள் இன்னும் முடிவானவை அல்ல என்று அக்கூட்டம் கூறிற்று. எனினும் புகை ஈற்றுக்குச் செல்லும் குருதியைக் குறைப்பதும், கட்டுக்கடங்காத சர்க்கரை புண் ஆறுதலைத் தாழ்த்துவதும் அறிந்தவையே. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், பேரினங்களுள் இந்தியரிடையேதான் நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டது. ஆதலின் பல் பதித்துக் கொள்ள எண்ணும் நம்மவர் முதலில் சர்க்கரை அளவைப் பார்த்துக் கொள்வது நன்று.

பல்லை அமைக்கும் முறையிலும் குறை நேரக் கூடும். மேற்பல்லை வேரோடு ஒட்டும் சிமெண்டின் மிச்சம் ஈற்றினுள் தங்கிவிட்டால், அதன்மேல் படலம் படிந்து அழற்சி உண்டாகும். பல் அளவுக்கு மேல் பருத்து, துலக்கி புகுதற்கு இடமின்றி அமைந்தாலும் இதே கேடு விளையும்.

நோயை அறியும் முறை

நோயை அறியும் கருவி எளியது. அளவுக் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியை ஏறத்தாழ 25 கிராம் எடைக்கு ஒப்பான மெல்லிய விசையில் ஈற்றோரத்தில் செலுத்தி மருத்துவர் ஆழத்தை அளப்பார். குருதி கசிகின்றதா, சீழ் வருகின்றதா என்று நோக்குவார். எலும்பின் அளவை எக்ஸ்ரே படம் காட்டும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஓர் அளவு மட்டும் தனியே பெரிதும் பயன்படாது. முன்னைய அளவோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் விளங்கும். ஆகவே, மேற்பல்லைப் பொருத்திய உடனே ஆழத்தை அளந்து குறித்தும், எக்ஸ்ரே படம் எடுத்தும் வைக்க வேண்டும். முன்னைய குறிப்பு இல்லாதபோது எலும்பரிப்பைத் துணிவதற்கு 2017ஆம் ஆண்டுக் கூட்டம் ஓர் இலக்கணம் வகுத்தது. மெல்லத் தொட்டவுடன் குருதியோ சீழோ வருதல், ஆழம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருத்தல், எலும்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்திருத்தல் என்னும் மூன்றும் கூடியிருத்தலே அது.

மருத்துவம்

ஈற்றழற்சிக்கு மருத்துவம் தூய்மையே. மருத்துவர் படலத்தையும் காறையையும் கருவி கொண்டு நீக்குவார். நோயாளிக்குத் துலக்கும் முறையைக் கற்பிப்பார். தூய்மைக்குத் தடையாக உள்ள பல்லின் வடிவைத் திருத்துவார். 2 அல்லது 3 மாதங்களில் மீண்டும் நோக்குவார்.

எலும்பரிப்புக்கு மருத்துவம் படிப்படியானது. முதலில் ஈற்றை அறுக்காமலே தூய்மை செய்வர். வேரின் மேல் கீறல் விழாதபடி அதற்கென அமைந்த கருவிகளைப் பயன்படுத்துவர். 2023ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஈற்று நோய்க் கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டியின்படி, 6 முதல் 12 வாரங்களில் பயனை அளந்து பார்க்க வேண்டும். ஆழம் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாமை, சீழின்மை, ஒரு வேரைச் சுற்றி ஓர் இடத்துக்கு மேல் குருதி கசியாமை ஆகியவை நோய் அடங்கியதற்கு அடையாளம். அடங்காவிடின் ஈற்றைத் திறந்து தூய்மை செய்யும் அறுவை மருத்துவம் வேண்டும். எலும்பில் பள்ளம் விழுந்த வடிவைப் பொறுத்து, சிலர்க்கு எலும்புத் துகள் இட்டு நிரப்புவதும் உண்டு. இத்தனைக்கும் அடங்காவிடின், அல்லது வேரே ஆடிவிட்டால், அதனை எடுத்துவிடுதல்தான் வழி.

தூய்மை செய்தல் ஏன் இத்துணைக் கடினம் என்று கேட்கலாம். செயற்கை வேர் திருகாணி வடிவினது. எலும்பு நன்கு பற்றுதற்பொருட்டு அதன் மேற்பரப்பையும் சற்றுச் சொரசொரப்பாகச் செய்கின்றனர். எலும்பினுள் மறைந்திருக்கும் வரை இச்சொரசொரப்பு நன்மையே. எலும்பு கரைந்து அது வெளிப்பட்டு விட்டாலோ, புரிகளின் இடுக்கெல்லாம் நுண்ணுயிர்களுக்கு உறைவிடமாகி விடுகின்றது.

கிருமிக்கொல்லி மாத்திரையால் இந்நோய் தீரும் என்று எண்ணுவாரும் உளர். அறுவையில்லாத் தூய்மையோடு அத்தகைய மாத்திரைகளை வழக்கமாகச் சேர்த்துக் கொடுப்பதை மேற்குறித்த வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையை எடுத்து விழுங்குவோர், வீக்கம் சற்றே தணிவதைக் கண்டு நோய் தீர்ந்ததென மயங்குவர்; எலும்போ கரைந்து கொண்டே இருக்கும்.

காக்கும் முறை

வருமுன் காத்தல் மருத்துவத்தினும் எளிது, செலவும் குறைவு.

முதலாவது, வேர் பதிக்கும் முன்பே எஞ்சிய பற்களின் ஈற்று நோயை ஆற்றிக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நாள்தோறும் இருமுறை மென்மையான துலக்கியால் துலக்க வேண்டும். பல்லும் ஈறும் சேரும் ஓரமே முக்கியம். பக்கங்களைத் துலக்கி எட்டாது; அங்குப் பல்லிடைத் தூரிகை வேண்டும். தன் பல்லிடைக்குப் பொருந்தும் தூரிகையின் அளவை ஒவ்வொருவரும் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். சொரசொரப்பான வேர் வெளியே தெரியுமிடத்தில் பல்லிடை நூல் கிழிந்து, இழைகள் அதில் சிக்கிக் கொள்ளக் கூடும். அங்கே தூரிகையே ஏற்றது.

மூன்றாவது, துலக்கும்போது குருதி கண்டால் துலக்குவதை நிறுத்தலாகாது. குருதி வருகின்றதே என்று அஞ்சி அவ்விடத்தைத் தவிர்ப்பவர் பலர். அங்கே படலம் மேலும் தடிக்கும். அழற்சி மேலும் பெருகும். மெல்லத் துலக்கிக் கொண்டே மருத்துவரை நாட வேண்டும்.

நான்காவது, குறையொன்றும் தோன்றாவிடினும் மருத்துவரிடம் சென்று வர வேண்டும். இடரின் அளவைப் பொறுத்து 3 மாதத்துக்கு ஒருமுறையோ 6 மாதத்துக்கு ஒருமுறையோ செல்லலாம், ஓராண்டைக் கடத்தலாகாது.

ஐந்தாவது, பதித்த வேரின் வகை, அளவு, பதித்த நாள், முதல் எக்ஸ்ரே படம் ஆகியவற்றின் குறிப்பைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலும், மருத்துவரே மாறினாலும் அக்குறிப்பு துணை செய்யும்.

முதியோர் பொருட்டு மற்றொன்றும் கூற வேண்டும். 50 வயதில் பல் பதித்துக் கொண்டவர் 80 வயதில் கை நடுக்கத்தாலோ மறதியாலோ தாமே துலக்க இயலாதவராகக் கூடும். வீட்டார் அவர் வாயில் செயற்கை வேர் இருப்பதையே அறியாதிருக்கலாம். ஆதலின் இச்செய்தியை மக்களும் பேரரும் அறிந்திருத்தல் வேண்டும். அவர் வாயைத் தூய்மை செய்யும் பொறுப்பையும் அவர்கள் ஏற்க வேண்டும்.

சொல்லால் விளையும் மயக்கம்

செயற்கை வேரின்மேல் அமைத்த பல்லை நிரந்தரப் பல் என்று பலர் வழங்குகின்றனர். கழற்றி மாட்ட வேண்டியதில்லை என்னும் பொருளில் அச்சொல் பொருந்தும். என்றும் அழியாதது, கவனிக்க வேண்டாதது என்னும் பொருளில் பொருந்தாது. கேட்போர் பெரும்பாலும் இரண்டாவது பொருளையே கொள்கின்றனர். அம்மயக்கத்தால் மருத்துவரிடம் செல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுகின்றனர்.

சொல்லின் பொருளைத் தெளிவுறுத்துவது தமிழாசிரியர்க்கு இயல்பான பணி. பல் பதித்துக் கொண்ட உறவினரையோ நண்பரையோ காணும்போது, வலி உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், துலக்கும்போது குருதி வருகின்றதா, ஈற்றின் ஆழத்தை மருத்துவர் கடைசியாக அளந்தது எப்போது என்னும் இரண்டு வினாக்களையும் கேட்பாராக. இரண்டாவது வினாவுக்கு விடை தெரியாதென்பவர், அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் நாள் குறித்துக் கொள்ளட்டும். ஈற்றழற்சி நிலையிலேயே நோயைக் கண்டுவிட்டால் எலும்புக்குக் கேடில்லை; அதுவே இக்கட்டுரையின் முடிபு.